போகிற பறவைகளைப் பார்க்கப் போனோம்

மட்டக்குளியில் ஓட்டோ எங்களை இறக்கிவிட்டபோது ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு. பாதிச் சனம் ஊருக்குப் போய்விட்டதால் வெள்ளவத்தையில் இருந்து வருகிற வழி முழுக்க றோட்டு காலி. அண்ணாவின் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். பதினான்கு வயது. லீவு நாளில் விடிய ஐந்து மணிக்கு எழுப்பியதற்கு அவள் கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மாமி, பறவையள் வாறதைப் பாக்கப் போறதெண்டால் சரி. போறதைப் பாக்க என்ன இருக்கு?"

அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கே நாலைந்து வருடம் எடுத்தது.

வடக்கே இருந்து வருகிற பறவைகள் ஆவணி, புரட்டாதி தொடங்கி எங்கள் கரைகளில் இறங்குகின்றன. அப்போது அவற்றைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. எல்லாமே சாம்பல், பழுப்பு, அழுக்கு வெள்ளை. நான் முதல் வருடம் மார்கழியில்தான் பறவை பார்க்கத் தொடங்கினேன். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, "இது ஏதோ ஒரு சின்ன சாம்பல் பறவை" என்று எழுதிவைத்த பக்கங்கள் இன்னும் கொப்பியில் இருக்கின்றன. பங்குனி பிறந்ததும் கதை மாறும். கலியாண வீட்டுக்குக் கிளம்புகிற ஆட்களைப் போல ஒவ்வொன்றாக உடுப்பு மாற்றத் தொடங்கும். நெஞ்சில் செம்மண் நிறம் ஏறும், முகத்தில் கறுப்பு விழும், வெள்ளைத் தலை பழுப்பாகும். கூடு கட்டி முட்டையிடப் போகிற இடத்துக்கான நிறம் அது. அங்கே போய்ச் சேரும் முன்பே, இங்கே எங்கள் மணலில் நின்றுகொண்டே அதைப் போட்டுக்கொள்கின்றன. இதை நாங்கள் பார்க்கக் கிடைப்பது ஐந்தாறு கிழமைதான். சித்திரை முடியும்போது கரை வெறுமையாகிவிடும். ஆகவே பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மார்கழியைவிடப் பங்குனி கடைசியில் தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பெயர் கண்டுபிடிப்பது பாதி சுலபமாகிவிடும், மனமும் சோராது.

காக்கைத்தீவு என்றால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஆனைக்கோட்டைப் பக்கக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். மீன் சந்தை, சேற்று மணம், கடல் வற்றுகிற நேரத்தில் வரிசையாக நிற்கிற கொக்குகள். அம்மப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி அங்கே மீன் வாங்கக் கூட்டிப்போவார். கொழும்பிலும் ஒரு காக்கைத்தீவு இருக்கிறது என்பது இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். மட்டக்குளியில், களனி ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து 145 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு, தூக்கி வந்த மணலையும் வண்டலையும் இங்கேதான் இறக்கிவைக்கிறது. ஆற்று நீர் வெளியே தள்ள, அலை உள்ளே தள்ள, நடுவில் மணல் திட்டு உண்டாகும், கரையும், இடம் மாறும். அந்த ஈர மணலுக்குள் புழுவும் பொடி நண்டும். அதற்காகத்தான் கரைப்பறவைகள்.

கொழும்பில் பறவை பார்க்கிறவர்கள் தலங்கம, பெத்தகான, தியசரு பூங்கா என்று சதுப்பு நிலங்களுக்குத்தான் அதிகம் போவார்கள். நல்ல இடங்கள்தான், நானும் போவேன். ஆனால் சித்திரையில் எனக்குக் கடற்கரைதான் வேண்டும்.

போன வருடம் இதே நாட்களில் இதே கரையில் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். புதிதாக வாங்கிய லென்ஸ் ஒன்று கையில் இருந்தது. மணல் உப்புக்கொத்திக் கூட்டம் ஒன்று ஈர மணலில் இரை தேடிக்கொண்டிருந்தது, நெஞ்செல்லாம் செம்மண் நிறம். கிட்டப் போனேன், எழும்பிப் பறந்து ஐம்பது மீட்டர் தள்ளி இறங்கின. பின்னாலேயே போனேன். மறுபடி எழும்பின. நாலு தடவை இப்படி. நாலாம் தடவை, வள்ளத்துக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மிஸ், அதுகளக் கொஞ்சம் தின்ன விடுங்க. நீங்க துரத்தத் துரத்த அதுக வயிறு காயுது."

வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து வாசித்தபோது வெட்கம் இன்னும் கூடியது. இந்தச் சின்ன மணல் உப்புக்கொத்தியின் எடை ஒரு கோழி முட்டை அளவுதான். எங்கள் கரைக்கு வருகிறவை பெரும்பாலும் திபெத்திய மணல் உப்புக்கொத்திகள், இமயமலைக்கு அப்பால் திபெத்துப் பீடபூமியில், கடல்மட்டத்தில் இருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே முட்டையிடுகிறவை. அங்கே போக வேண்டுமென்றால் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். அந்தக் கொழுப்புத்தான் பெட்ரோல். கிளம்புவதற்கு முந்திய சில கிழமைகள் இரவும் பகலும் என்று பார்க்காமல் தின்று அதைச் சேர்க்கின்றன. நான் எழுப்பிவிட்ட ஒவ்வொரு தடவையும் சேர்த்ததில் கொஞ்சம் எரிந்திருக்கும், தின்னக் கிடைத்த நேரத்திலும் கொஞ்சம் போயிருக்கும். வற்று நேரம் எவ்வளவு குறைவு என்று பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் வெளித்தெரிகிற மணலும் ஒரு சின்னக் கீற்றுத்தான், அதிலேதான் அவ்வளவு பறவையும் சாப்பிட வேண்டும்.

அதன் பிறகு சித்திரை மாதத்தில் நான் கடற்கரைக்குக் கெமரா கொண்டுபோவதில்லை. கையில் கெமரா இருந்தால் கால் தானாகக் கிட்டப் போகும். பைனாகுலர் போதும். 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லை 42 மில்லிமீட்டர்) என்றால் கழுத்தும் வலிக்காது, கையும் நடுங்காது.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். இருட்டு முழுதாகப் போகும் முன்பே நாங்கள் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தில் முதுகைச் சாய்த்து இருந்துவிட்டோம். ஈர மணலில் இருந்து நாற்பது மீட்டர் இருக்கும். நின்றுகொண்டிருக்கிற ஆள் பறவைக்கு ஆபத்து. உட்கார்ந்திருக்கிற ஆள் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடுவார். வெள்ளை உடுப்பு வேண்டாம் என்று முதல் நாளே மருமகளிடம் சொல்லியிருந்தேன். பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள், அதை வெளியே எடுக்க வேண்டாம் என்றேன். பிஸ்கட் மணத்துக்குத் தெருநாய்கள் வரும், நாய் வந்தால் அன்றைக்குப் பறவை இல்லை.

கொழும்புக் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. கடல் மேற்கே, சூரியன் கிழக்கே. காலையில் வெளிச்சம் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்து பறவையின் மேல் நேரே விழும். கால் நிறம், அலகு நிறம், கண்ணைச் சுற்றிய வளையம் எல்லாம் துலக்கமாகத் தெரியும். பின்னேரம் போனால் இதற்கு நேர்மாறு: கண் கூசும், பறவை எல்லாம் கறுப்பு நிழல். கரையில் காற்று வாங்க மாலைதான் நல்லது, பறவை பார்க்க விடியலில் இருந்து எட்டரை மணிவரைதான். அதற்குப் பிறகு மணல் சூடேறி, பைனாகுலருக்குள் எல்லாமே நெளியத் தொடங்கும்.

ஆறே காலுக்கு வந்தன. முதலில் சத்தம், மெல்லிய கரகரத்த "த்ரிக்" ஒன்று. பிறகு ஆற்றுப் பக்கம் இருந்து ஒரு கூட்டம் தாழப் பறந்து வந்து, ஒரே நேரத்தில் திரும்பி, வெள்ளை வயிறுகள் மின்ன எங்களுக்கு முன்னால் இறங்கியது. மருமகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஒரு பறவையை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பார் என்று அவளிடம் சொன்னேன். நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உப்புக்கொத்திக்குக் கண் பெரிது, அலகு கட்டை. உள்ளான் போன்ற மற்றக் கரைப்பறவைகள் நீள அலகால் மணலைக் குத்திக் குத்தித் தடவித் தேடும். இது கண்ணால் தேடும். நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும். நிற்கும்போது தலை சற்றே சரிந்திருக்கும். மணலில் ஒரு சின்னக் கொப்புளம் அசைந்தால் போதும், ஒரு குனிதல். நான் பார்த்த பறவை ஒரு புழுவைப் பிடித்தது. ஆனால் இழுத்துப் பறிக்கவில்லை, கொஞ்சம் இழுத்து, பிடியைத் தளர்த்தாமல் நின்று, புழு களைத்துத் தளர்ந்ததும் மறுபடி இழுத்தது. பறித்திருந்தால் பாதிப் புழு மணலுக்குள் போயிருக்கும். முழுதாக வெளியே வந்ததும் ஈரத்தில் ஒரு அலசு அலசி விழுங்கியது. பிறகு மறுபடி நாலு அடி ஓட்டம். பத்து நிமிடத்தில் பதினேழு தடவை குனிந்தது, ஒன்பது தடவை ஏதோ கிடைத்தது. என் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது.

"நெத்தி முழுக்கக் கறுப்பு மாமி," என்றாள் மருமகள். புத்தகத்தைத் திறக்கும் முன் கண்ணில் பட்டதை எழுதச் சொல்லியிருந்தேன், எழுதியிருந்தாள்: நெத்தி கறுப்பு, தொண்டை வெள்ளை, நெஞ்சு செங்கல் நிறம், கால் கறுப்பு மாதிரி, மைனாவை விடச் சின்னன். இந்த ஒழுங்கு முக்கியம். முதலில் புத்தகத்தையோ போனில் இருக்கிற செயலியையோ திறந்தால், அங்கே இருக்கிற படத்தைப் பறவையில் தேடத் தொடங்கிவிடுவோம். அளவை எப்போதும் தெரிந்த பறவையோடு ஒப்பிட வேண்டும்: சிட்டுக்குருவி, மைனா, காகம். சென்டிமீட்டர் கரையில் உதவாது.

அவள் சொன்ன கறுப்பு நெற்றிதான் திபெத்திய இனத்துக்கு அடையாளம். சைபீரிய இனத்துக்கு நெற்றியில் வெள்ளை இருக்கும். முன்பு இரண்டையும் ஒரே இனமாகத்தான் எழுதினோம், 2023இல் ஈபேர்ட் என்கிற இணையப் பறவைப் பதிவுத் தளத்தின் பட்டியலில் இரண்டாகப் பிரித்தார்கள். இந்த வித்தியாசத்தை மார்கழியில் கண்டுபிடிக்க மிகவும் கஷ்டம், சித்திரையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். கூட்டத்தில் ஒன்றிரண்டு பெரிய மணல் உப்புக்கொத்தியும் இருக்கலாம். அதற்கு அலகைப் பாருங்கள்: அலகின் நீளத்தை எடுத்து முகத்தில் பின்னோக்கி வைத்தால் கண்ணைத் தாண்டிப் போகும். காலிலும் பச்சை கலந்த மஞ்சள் ஓடும். அன்றைக்கு அப்படி ஒன்றுதான் இருந்தது.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்குகிற களப் பறவையியல் குழுவின் நடை ஒன்றில் கற்றுக்கொண்டேன். முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள். பிறகு கூட்டம் முழுவதையும் அந்தப் பத்தால் அள. மூன்று தடவை செய், நடுவில் வருகிற எண்ணை எழுது. நாங்கள் 58, 63, 66 என்று எண்ணினோம். 63 என்று எழுதினோம்.

ஒரு பறவை நொண்டியது. கல்திருப்பி உள்ளான், உப்புக்கொத்திகளுக்குப் பின்னால் தனியாகக் கடல் சாதாளையைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஆமை ஓட்டு நிறமும் கறுப்பும் வெள்ளையுமாக அவ்வளவு வடிவான பறவை. இடது காலில் இரண்டு விரல் இல்லை, கணுக்காலுக்கு மேலே தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், இறுகி வெட்டிய தடம். விரல் இருந்த இடம் காய்ந்து, கறுத்து, மொட்டையாக இருந்தது. அது அந்தக் காலை ஊன்றாமல் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, ஆனால் மற்றவற்றைப் போலவே அலகை நெம்பாகக் கொடுத்து ஒரு சிரட்டைத் துண்டைப் புரட்டிப் போட்டது. கீழே இருந்த பூச்சிகள் ஓட, ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. ஆர்ட்டிக் பக்கம் போக வேண்டிய பறவை. போகுமா என்று மருமகள் கேட்டாள். தின்கிற மாதிரியைப் பார்த்தால் போகும் என்றேன், அப்படித்தான் நம்புகிறேன்.

அதனால்தான் எழும்பி வருகிற நேரத்தில் நாங்கள் குப்பை பொறுக்குவோம். எல்லாக் குப்பையும் இல்லை, அது எங்களால் முடியாது. தங்கூசி மட்டும். கண்ணில் பட்டதைச் சுருட்டி ஒரு போத்தலுக்குள் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுவேன். அன்றைக்கு மருமகள் மணலைக் கிளறும்போது வெள்ளையாக, சவ்வரிசி மாதிரி மணிகள் கையில் ஒட்டின. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய கப்பலில் இருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் இப்படித்தான் இருந்தன. அந்த நாட்களில் மேற்குக் கரை முழுக்க இது வெள்ளைப் போர்வையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் அப்போது சின்னப் பிள்ளை. தேநீர்க் கோப்பைக்குள் நாற்பது மணி பொறுக்கிப் போட்டாள், எண்ணித்தான் போட்டாள்.

ஏழு மணி போல ஒரு பொலிஸ்காரர் எங்களிடம் வந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பைனாகுலரோடு கடற்கரையில் இருக்கப் போகிறேன் என்று சொன்ன முதல் நாள் அம்மா சாப்பிடவே இல்லை. அவர் வாழ்ந்த காலம் அப்படி. அந்தப் பயத்தை நான் குறைத்து நினைக்கவில்லை. துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, கேள்வி கேட்பது அவர்கள் வேலை. அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள், பறவைப் புத்தகத்தை மடியில் திறந்தபடி வையுங்கள், பைனாகுலரைத் துறைமுகப் பக்கமோ கடற்படைப் படகுகள் பக்கமோ திருப்பாதீர்கள். கேட்டால் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கி, பைனாகுலரை அவரிடமே கொடுத்துவிடுவேன். அன்றைக்கும் கொடுத்தேன். அவர் மட்டக்களப்பில் வேலை செய்தவராம், தமிழிலேயே பேசினார். கடற்காகங்கள் மீது வைத்துப் பார்த்தார். "இதுக்குத் தலை இப்படிக் கோப்பி நிறமா?" என்று கேட்டு நிறைய நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோப்பி நிறம்தான். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் பதினொன்று ஆற்று வாயில் மிதந்துகொண்டிருந்தன. மார்கழியில் இவற்றுக்குத் தலை வெள்ளை, காதுக்கு அருகே மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. இப்போது தலையை முழுதாகக் கோப்பிக்குள் முக்கி எடுத்த மாதிரி. பறக்கும்போது கறுப்புச் சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், கண் வெளிறியது. இதுவும் மலை ஏறப் போகிற பறவை. லடாக், திபெத்து ஏரிகளில்தான் கூடு. எங்கள் கரையில் மீன் குடலுக்குக் காகத்தோடு சண்டை பிடித்த பறவை, வைகாசியில் பனிமலைக்கு நடுவே ஒரு ஏரியில் முட்டையில் இருக்கும். இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு அந்தப் பறவை மேல் இருந்த மதிப்பே வேறாகிவிட்டது.

இதைவிடத் தூரம் போகிறவையும் இருக்கின்றன. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஹொய்க்லின் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். ரஷ்யாவின் ஆர்ட்டிக் கரையில் இருக்கும் யமால் தீபகற்பம் வரை போய், அதே பருவச் சுற்றில் மன்னாருக்கே திரும்பி வந்தது ஒன்று. எங்களுக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை தரை இல்லை. மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் வருகிறவைக்கு இலங்கைதான் கடைசித் தரிப்பிடம், திரும்பிப் போகும்போது முதல் தரிப்பிடம்.

கடலுக்குள் நட்டிருந்த கம்புகளில் ஆலாக்கள் என்கிற கடற்பறவைகள் இருந்தன. பெரிய கொண்டை ஆலாவையும் சின்னக் கொண்டை ஆலாவையும் பிரிக்கச் சுலபமான வழி அலகு நிறம்: பெரியதற்குத் தேசிக்காய் மஞ்சள், சின்னதற்குத் தோடம்பழ நிறம். இதற்கும் காலை வெளிச்சம் வேண்டும். மீசை ஆலாக்களுக்கு வயிறு கறுத்து, கன்னம் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது. இலையுதிர் காலத்தில் இந்தக் கடலைப் பார்த்து உட்காருவது வேறு ஒரு கலை. ஆயிரக்கணக்கில் கரைக்கு அப்பால் தெற்கே போகும் பழுப்பு முதுகு ஆலாக்களை 1980களில் கொழும்பில் இருந்தே கணக்கிட்டுப் பதிவு செய்தவர் ரெக்ஸ் ஐ. டி சில்வா. அதற்குத் தொலைநோக்கித் தாங்கியும் மிகப் பெரிய பொறுமையும் வேண்டும். நான் இன்னும் முயலவில்லை.

போன வருடத்துப் பெரியவர் ஏழரைக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டார். "இந்த வருசம் இருந்துட்டீங்க," என்றார். ஃப்ளாஸ்கில் இருந்த பிளேன்டீயை அவருக்கும் ஊற்றினேன், பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடித்தார். இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். "கச்சான் எழும்பினா இந்த மணலே இருக்காது. அதுக்கு முதல் போயிடும்." தென்மேற்குப் பருவக் காற்றைத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோளகம் என்போம். வைகாசியில் கடல் கொந்தளித்து இந்தத் திட்டுகளைத் தின்றுவிடும். அவர் சொன்னது சரி, ஒரு நாள் பிந்திப் போகிற பறவைக்கும் இங்கே சாப்பாட்டு இடம் குறைந்துகொண்டே வரும்.

எட்டே காலுக்குக் கூட்டம் தானாக எழும்பி ஆற்றுக்கு மறுபக்கம் போனது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எழும்பினோம். கால் விறைத்துவிட்டது. ஒரு விஷயம்: கடற்காற்றில் பைனாகுலர் கண்ணாடியில் உப்புப் படியும். சட்டை நுனியால் துடைத்தால் உப்பு கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகுதான் துணி. என் முதல் பைனாகுலரின் கண்ணாடி இப்படித்தான் கெட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளவத்தையில் மெரைன் டிரைவில் ஓட்டோவை நிறுத்தினோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறைகளில் சின்னக் கோட்டான் ஒன்று நண்டு தின்றுகொண்டிருந்தது. ஊரில் கோட்டான் என்றால் ஆந்தையையும் சொல்வார்கள், இது வேறு: வளைந்த நீள அலகு, தலையில் இரண்டு கறுப்புக் கோடு. நண்டைக் காலால் பிடிக்காமல் அலகால் தூக்கி உதறியது. ஒரு கால் தெறித்தது, மறுபடி உதறல், இன்னொரு கால். உடல் மட்டும் மிஞ்சியதும் விழுங்கியது. பறக்கும்போது விசிலடிக்கும், ஒரே சுரத்தில் ஏழு தடவை. தயவுசெய்து இதைப் பார்க்க ரயில் பாதைக்குள் இறங்க வேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது, கண்ணில் பைனாகுலர் இருந்தால் பக்கத்தில் வருவதும் தெரியாது. றோட்டில் நின்றே போதிய அளவு தெரியும்.

வீட்டுப் பின்வளவில் ஐப்பசியில் இருந்து விடியலும் மாலையும் ஆறு மணிக்குக் கூவிய ஆறுமணிக் குருவியின் சத்தம் அந்தக் கிழமை நின்றிருந்தது. குயில் மட்டும் விடாமல் கூவியது. வந்தது எது, இங்கேயே இருந்தது எது என்று அப்போதுதான் மருமகளுக்குப் பிடிபட்டது.

அவள் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. கரைப்பறவைகள் நெடும் பயணத்தைப் பெரும்பாலும் பொழுது சாய்கிற நேரத்தில்தான் தொடங்கும். காலையில் போகிறவருக்கு அவை போவது தெரியாது, எண்ணிக்கை குறைவதுதான் தெரியும். ஆகவே ஒரே நாளோடு நிறுத்தாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், எதுவும் இல்லாத நாளிலும் இல்லை என்று எழுத வேண்டும். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கிறது. சித்திரைக் கணக்குக்கு எங்களைப் போன்றவர்களின் கொப்பிகளும் ஈபேர்ட் பதிவுகளும் உதவும். இது எல்லாம் சொல்லி, கொப்பியை அவளிடமே கொடுத்தேன். மே மாதத்திலும் சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு நின்றால் பயப்படாதே, அவை நோயாளி இல்லை, முதல் வருடக் குஞ்சுகளில் பல இந்தச் சுற்றில் போகாமல் இங்கேயே தங்கிவிடும் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போனோம். அவள் கையெழுத்தில் மணல் உப்புக்கொத்திப் பக்கம் இப்படி இருக்கிறது:

ஏப்ரல் 12: 63. கல்திருப்பி 1 (நொண்டி).
ஏப்ரல் 19: 41. நொண்டி நிக்குது, நல்லாத் தின்னுது.
ஏப்ரல் 26: 9. நொண்டி இல்லை. சுத்தி எல்லா இடமும் பாத்தனாங்கள்.
மே 3: 2. ரெண்டும் சாம்பல்.